சைட்டை விட்டுக்கொடுக்காதீர்கள்!

சென்னை ஆதம்பாக்கத்திலிருந்து கிண்டி பொறியியல் கல்லூரியும் ஐ.ஐ.டி.யும் சில கிலோமீட்டர் தூரம்தான். கிண்டியில் 1940-களில் சிவில் படித்த பி.கே.திரேசியா, 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். ஐ.ஐ.டி.யில் 2000-ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்ற ஜி.மாதவி லதா, இன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர். காஷ்மீரின் செனாப் ரயில் பாலத்துக்கு 17 ஆண்டுகள் ஆலோசனை சொன்னவர்.

இருந்தும், பெண் சிவில் கேட்டால் “வெயில்ல நிக்கணுமே, கம்ப்யூட்டர் எடும்மா” என்கிறது வீடு. படித்து முடித்தால், “நீங்க ஆபீஸ்லயே டிராயிங் பாருங்கம்மா” என்கிறது கம்பெனி. முதல் பேச்சைத் தாண்டி வந்த பலர் இரண்டாவதில் சிக்கிக்கொள்கிறார்கள். அது அக்கறையாகவே சொல்லப்படுகிறது. ஆனால் பதவி உயர்வின்போது “சைட் அனுபவம் இல்லையே” என்று அதே வாய் கேட்கும்.

தொடக்க ஆண்டுகள் சைட்டில்

நேர்முகத் தேர்விலேயே கேளுங்கள்: “சைட் போஸ்டிங் எப்போது, எத்தனை மாதம்?” டிசைன்தான் உங்கள் விருப்பம் என்றாலும் இது வேண்டும். செனாப் பாலம் ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதைத் தாங்கும் மலைச்சரிவில் பாறை எங்கும் வெடிப்பு. தோண்டத் தோண்டத் தெரிந்த நிலையைப் பார்த்து, அடித்தள வடிவமைப்பை அவ்வப்போது மாற்றிக்கொண்டே போனார்கள். மேஜையில் உட்கார்ந்தபடி மட்டும் செய்திருக்க முடியாத வேலை அது.

கருவியை நீங்களே எடுங்கள்

ரெடிமிக்ஸ் லாரி வந்து நிற்கும். “கெட்டியா இருக்கு மேடம், கொஞ்சம் தண்ணி விட்டுக்கலாம்” என்பார் மேஸ்திரி. வாதாட வேண்டாம். ஸ்லம்ப் கோனில் கான்கிரீட்டை நிரப்பி, கம்பியால் குத்தி, கோனை நேராகத் தூக்கி, எவ்வளவு இறங்கியது என்று அளந்து காட்டுங்கள். தண்ணீர் கூடினால் வலு குறையும் என்பதைச் சொல்லி, 150 மில்லிமீட்டர் கியூப்களும் எடுத்து வையுங்கள்; 28-ஆம் நாள் சோதனை மீதியைப் பேசும். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பவரின் சொல்லுக்கு சைட்டில் மரியாதை உண்டு. டோட்டல் ஸ்டேஷன், அளவுப் புத்தகம், பில் மூன்றையும் பழகிவிட்டால் உங்களை ஓரம்கட்டுவது கடினம்.

அரசுப் பணியும் உதவித்தொகையும்

பொதுப்பணி, நீர்வளம், நெடுஞ்சாலைத் துறைகளில் உதவிப் பொறியாளர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதலாம். படிக்கும்போது, ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். இரண்டையும் முதலாண்டிலேயே விசாரியுங்கள்.

வசதி சலுகை அல்ல

சைட்டில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, கால் அளவுக்குச் சரியான சேஃப்டி ஷூ, இரவு கான்கிரீட் என்றால் வீடு திரும்ப வண்டி: மூன்றையும் சேரும்போதே எழுத்தில் கேளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள் குழு இருந்தாக வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அது. குழுவில் யார் யார் என்று முதல் வாரமே தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் கேட்டு வாங்கும் கழிப்பறை சித்தாள் வேலை செய்யும் பெண்ணுக்கும் சேர்த்துத்தான்.

தனியாக நிற்காதீர்கள்

1940-இல் கிண்டியில் எலெக்ட்ரிக்கல் சேர்ந்த ஏ.லலிதா விடுதியில் துணையின்றி இருந்தார். அங்கேயே பேராசிரியராக இருந்த அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ், பெண்களைச் சேர்க்க விளம்பரம் கொடுக்கும்படி கல்லூரியைச் சம்மதிக்க வைத்தார். அப்படித்தான் திரேசியாவும் லீலம்மா ஜார்ஜும் சிவிலுக்கு வந்தார்கள்.

வேலையில் இருப்பவர்களே, இன்டர்ன்ஷிப் வரும் பெண்ணை உங்களோடு சைட்டுக்கு அழைத்துப் போங்கள். ஆள் எடுக்கும் பொறுப்பு வந்தால் ஒரே அணியில் இரண்டு பெண்களைப் போடுங்கள். படித்த பள்ளிக்குப் போய் பிளஸ் ஒன் மாணவிகளிடம் உங்கள் வேலையைச் சொல்லுங்கள். பெற்றோர்களே, சுப்பாராவ் தன் மகளுக்கு இடம் கிடைத்ததோடு நிற்கவில்லை. நீங்களும் உங்கள் மகளைச் சேர்த்துவிட்டு, தயங்கும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள்.