ஸ்பிரிங் டப்பாவைப் பிரிக்காதே, மாப்ளே

பெருமாள்மலை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

மாமா எழுதுகிறேன். உன் அம்மா போனில் சொன்னாள். கூரியரில் நாலு ஸ்பிரிங் வந்திருக்கிறதாம். காரை 40 மி.மீ. இறக்கப் போகிறாயாம், அதுவும் வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு. போனில் பேசினால் "சரி மாமா, சரி மாமா" என்று சொல்லிவிட்டு உன் இஷ்டத்துக்குச் செய்வாய். அதனால்தான் கடிதம்.

ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். தாழ்ந்து நிற்கிற கார் அழகுதான். பாரம் கீழே இறங்குவதால் வளைவில் சாய்வதும் குறையும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓடுகிற வண்டிகள் தரையைத் தடவிக்கொண்டு போவது சும்மா இல்லை. ஆனால் அங்கே ரோடு கண்ணாடி மாதிரி. நீ வாரம் ஒருதரம் வத்தலக்குண்டிலிருந்து லாஸ் காட் ரோட்டில் ஏறி, பூம்பாறை போய்ப் பூண்டு ஏற்றி வருகிறவன்.

கணக்குப் போடு. உன் 2012 மாடல் ஸ்விஃப்ட்டுக்குத் தரை இடைவெளி 170 மி.மீ. நாற்பது போனால் 130. ஆளும் பூண்டு மூட்டையும் ஏறினால் இன்னும் குறையும். முறைப்படி போட்ட வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். சக்கரமும் அதன் மேலேயே ஏறி இறங்குவதால் வயிறு தப்பிக்கும். ஊர்க்காரர்கள் ராவோடு ராவாகப் போட்ட ஒரு முழ அகல மேட்டில் அது நடக்காது. முன் சக்கரம் தாண்டியிருக்கும், பின் சக்கரம் ஏறியிருக்காது, வயிறு நேராக மேட்டின் மேல். கொண்டை ஊசி வளைவில் பஸ் எதிரே வந்தால் இடது சக்கரத்தைத் தார் விளிம்பிலிருந்து மண்ணில் இறக்கித்தான் வழி விடுகிறோம். மழைக்காலத்தில் அந்த விளிம்பு ஒரு சாண் பள்ளம். அங்கே ஆயில் சேம்பர் கல்லில் இடித்தால் வண்டி அங்கேயேதான் நிற்கும்.

ஒரு காலத்தில் நானும் இதைச் செய்தவன்தான். ஸ்பிரிங் வாங்கக் காசில்லாமல், ஒரு மாருதி 800-இன் முன் ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று அறுத்தேன். வத்தலக்குண்டு வரை ஜம்மென்று ஓடியது. மலையில் ஒரு வளைவில் உள்பக்கச் சக்கரம் பாரமில்லாமல் தொங்கியபோது, குட்டையான ஸ்பிரிங் தன் கிண்ணத்தை விட்டு நகர்ந்துவிட்டது. 'டொக்' என்று ஒரே சத்தம். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்க, முதல் கியரிலேயே மலை இறங்கினேன். வண்டியில் உன் அம்மாவும் இருந்தாள். பஞ்சர் என்று சொல்லி வைத்தேன். இன்றுவரை அவளுக்கு அதுதான் தெரியும், கடிதத்தைக் காட்டிவிடாதே.

நீ வாங்கியது அறுத்தது இல்லை, கம்பெனி சாமான் என்பாய். இருக்கட்டும். அந்தக் கெட்டியான ஸ்பிரிங்கைப் பத்து வருஷத்துக்கு மேல் உழைத்த ஷாக் அப்சார்பர் அடக்காது, வண்டி குதித்துக்கொண்டே போகும். அலைன்மென்ட்டும் மாறும், டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

எனக்கு நிஜமான பயம் மாட்டுகிற வேலையில்தான். முதலில் பின்பக்கம் கழற்றுவாய். அங்கே ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. ஆக்ஸிலைத் தாழ்த்தினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். "இவ்வளவுதானா" என்று தோன்றும். அந்தத் தைரியத்தில் முன்பக்கம் போவாய். முன்னால் ஸ்ட்ரட், ஸ்பிரிங்கை அமுக்கி மேலே ஒரே நட்டில் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கம்ப்ரஸர் போடாமல் அந்த நட்டைக் கழற்றினால், ஒரு சிமென்ட் மூட்டையையே தூக்கிவிடுகிற விசை உன் முகத்தை நோக்கி வரும். கம்ப்ரஸரிலும் இரண்டு கொக்கியும் எதிரெதிரே இருக்க வேண்டும், இரண்டு சுற்று இந்தப் பக்கம், இரண்டு சுற்று அந்தப் பக்கம் என்றுதான் முறுக்க வேண்டும். ஒரு கொக்கி வழுகினால் அவ்வளவுதான். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடுவதைப் பற்றி நான் எழுதவே தேவையில்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள். தயாரித்தவன் கொடுத்த விவரத்தை மீறி வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அனுமதியில்லாத மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டுமே கூடப் போடலாம்.

வருகிற ஞாயிறு காரை எடுத்துக்கொண்டு மேலே வா. உன் வண்டி வளைவில் அலைகிறது என்றாயே, அது ஓய்ந்துபோன ஷாக்காகத்தான் இருக்கும். நாலையும் மாற்றுவோம், கம்ப்ரஸர் என்னிடம் இருக்கிறது. அத்தை கறிக்குழம்பு வைப்பாள். ஸ்பிரிங் டப்பாவை மட்டும் பிரிக்காதே. பிரித்தால் கடைக்காரன் திரும்ப எடுக்க மாட்டான்.

உன் தாய்மாமன்