அடம் பிடிக்கும் குழந்தை என்ன கேட்கிறது?

கடித்தல், அடித்தல், தரையிற் புரண்டு அழுதல், கையிற் கிடைத்ததை வீசியெறிதல், சுவரில் தலையை மோதிக்கொள்ளுதல் ஆகிய இவற்றை மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடத்து நாம் அடிக்கடி காண்கிறோம். கண்டவுடன் நம் வாயில் எழும் சொற்கள் இரண்டே. ஒன்று ‘சேட்டை’, மற்றொன்று ‘பிடிவாதம்’. இவ்விரு சொற்களும் குழந்தைக்கு ஒரு பெயரைச் சூட்டுகின்றனவேயன்றி, நடந்தது இன்னதென்று கூறுவதில்லை. சேட்டைக்காரன் என்று பெயரிட்ட அக்கணமே ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. பிறகு எஞ்சி நிற்பது பிரம்பு ஒன்றே. அப்பெயரைச் சற்றே ஒதுக்கிவைத்து, அச்செயலால் அக்குழந்தை எதைப் பெறுகிறது என்று பார்க்கும் முறையையே இப்பாடத்தில் எடுத்துக்கொண்டோம். அமெரிக்க நாட்டில் வளர்ந்த இம்முறையை ‘பாசிட்டிவ் பிஹேவியர் சப்போர்ட்’ என்பர். ஆக்கவழியில் நடத்தைக்குத் துணைநிற்றல் என்று நாம் கூறலாம்.

ஒரு செயலுக்கு முன்னே ஒன்று நிகழ்கிறது. பின்னே ஒன்று நிகழ்கிறது. இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலன்றி நடுவிலுள்ளது விளங்காது. காரணமின்றி எதுவும் தோன்றாது என்று பயின்றுவரும் நமக்கு இது புதிய செய்தியன்று. புதியது யாதெனில், அதனை ஏட்டில் எழுதிப் பார்க்கும் பழக்கமே. என்ன நேரம், அதற்குச் சற்று முன் நடந்தது யாது, குழந்தை செய்தது யாது, உடனே பெரியோர் செய்தது யாது என்னும் நான்கும் போதும். “நாள் முழுதும் இவன் இப்படித்தான்” என்று கூறும் தாய், ஒரு வாரம் எழுதிப் பார்த்தால், நாள் முழுதும் அன்று, குறித்த சில வேளைகளில்தான் என்று பெரும்பாலும் கண்டுகொள்வாள். அவ்வொன்றே அவளுக்குப் பாதி ஆறுதல்.

எடுத்துக்காட்டாக, பெங்களூரில் நம்மவர் வாழும் ஒரு பகுதியில் அங்கன்வாடிக்குச் செல்லும் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் கன்னடம். தாய் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். சிறுவன் அருகில் அமர்ந்த பிள்ளைகளைக் கடிக்கிறான். டீச்சர் அவனை எழுப்பி, சமையல் நடக்கும் இடத்துக்கு அருகே வாசற்படியில் தனியே உட்காரவைக்கிறாள். அங்கே அவன் சாதுவாக அமர்ந்து, ஆயா பருப்புக் கடைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மறுநாளும் கடிக்கிறான். “இவனை இனி அனுப்பவேண்டாம்” என்று சொல்லி விடுகிறார்கள். அனுப்பாவிட்டால் தாய் வேலைக்குப் போக முடியாது. ஒரு குழந்தையின் பற்களில் ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் தொங்குகிறது என்பதை நாம் மறத்தலாகாது.

இனி ஏட்டைப் புரட்டுவோம். பத்து நாட்களில் ஏழு முறை கடித்திருக்கிறான். அவற்றுள் ஐந்து, எல்லோரும் வரிசையாக அமர்ந்து கன்னடப் பாட்டும் எழுத்தும் ஒப்பிக்கும் வேளையில் நிகழ்ந்தவை. விளையாட்டு வேளையில் ஒன்றுமில்லை. உணவு வேளையிலும் ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறையும் பின்விளைவு ஒன்றே: வரிசையிலிருந்து நீக்கம். இப்பொழுது புரிகிறதன்றோ? டீச்சர் தண்டனை என்று எண்ணிக் கொடுத்தது அவனுக்கு விடுதலையாக இருந்தது. புரியாத மொழியில் அரைமணி நேரம் அசையாமல் இருப்பதினின்றும் தப்ப அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றே. அவ்வழி ஒருமுறையும் பொய்க்கவில்லை. பொய்க்காத வழியை யார்தாம் கைவிடுவர்?

ஆலையில் தறி நின்றுவிட்டால் அதை உதைத்து ஓட்டும் தொழிலாளி இல்லை. பாவில் எங்கோ ஓர் இழை அறுந்திருக்கும். அதைத் தேடி முடிச்சிட்ட பிறகே தறி ஓடும். இரும்புக்குக் காட்டும் இப்பொறுமையைப் பெற்ற பிள்ளைக்குக் காட்டுவதற்கு நம்மிற் பலருக்கு நேரமில்லை என்பது வியப்புக்குரியது.

அச்சிறுவனுக்குச் செய்யவேண்டுவது மூன்று. முன்னதை மாற்றவேண்டும்: அரைமணி நேர ஒப்புவித்தலை அவனுக்குச் சில நிமிடங்களாகச் சுருக்கி, டீச்சருக்கு அருகில் அமர்த்தி, கையில் ஒரு படத்தைக் கொடுக்கலாம். அடுத்து, பல்லுக்குப் பதிலாக ஒரு சொல்லைக் கொடுக்கவேண்டும். கன்னடத்தில் ‘பேட’ என்றால் ‘வேண்டாம்’ என்பது பொருள். அச்சொல்லையோ, சொல் வராவிடின் கையுயர்த்துதலையோ, அமைதியான வேளையில் விளையாட்டாகப் பலமுறை பழக்கவேண்டும். அவன் கேட்டவுடன், ஆம், உடனே, இரண்டு நிமிடம் எழுந்துபோக விடவேண்டும். இங்கேதான் பெரியோர் பலர் தவறுகின்றனர். “கேட்டவுடன் விட்டால் தினமும் கேட்பானே” என்று அஞ்சுகின்றனர். கேட்கட்டும், கேட்பதற்காகத்தானே கற்பித்தோம்! சொல் கடியைவிட விரைவாகவும் எளிதாகவும் பலன் தராவிட்டால் அவன் மீண்டும் கடிக்கே திரும்புவான். சொல் உறுதியாக வேரூன்றிய பின்னர், “இன்னும் ஒரு பாட்டு, பிறகு போகலாம்” என்று சிறிது சிறிதாக நீட்டலாம்.

மூன்றாவதாகப் பின்னதையும் மாற்றவேண்டும். ஒருவேளை கடித்துவிட்டால், முதலிற் கவனிக்கப்பட வேண்டியவன் கடிபட்ட பிள்ளை. கடித்தவனுக்கு நீண்ட உபதேசம் வேண்டா. ஆனால் கடியின் பயனாக வாசற்படிக்கும் அனுப்பலாகாது. மற்றப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், டீச்சரின் பக்கத்திலேயே, சில நொடிகள் இருக்கச்செய்து, அச்சொல்லைச் சொல்லவைத்து, சொல்லின் பயனாகவே அனுப்பவேண்டும்.

இதே கடியை வேறொரு குழந்தை வேறொன்றுக்காகக் கடிக்கலாம். தாய் கைப்பேசியில் பேசும்போதெல்லாம் தங்கையைக் கடிக்கும் சிறுமி விடுதலையைக் கேட்கவில்லை. தாயின் முகத்தைக் கேட்கிறாள். அவளைத் தனியே உட்காரவைப்பதும், ‘வேண்டாம்’ என்னும் சொல்லைக் கற்பிப்பதும் அவளுக்குப் பயன்படா. “அம்மா, என்னைப் பார்” என்பதே அவளுக்குரிய சொல். மற்றும் ஒரு பொருளுக்காகக் கடிப்போர் உண்டு. காது வலி, பல் வலி, மலச்சிக்கல், தூக்கமின்மை ஆகியவற்றால் சிறுதுன்பத்தையும் பொறுக்கமாட்டாமற் கடிப்போரும் உண்டு. செயல் ஒன்று, காரணம் பல. ஆகையால் ‘கடிக்கு மருந்து’ என்று பொதுவாக ஒன்றைக் கேட்பது வீண்.

இது வெறும் ஊகமன்று. 1982ஆம் ஆண்டில் பிரையன் இவாட்டா என்பவரும் அவர் தோழரும், தம்மைத் தாமே தாக்கிக்கொள்ளும் வளர்ச்சிக்குறையுடைய ஒன்பது பேரை வெவ்வேறு நிலைமைகளில் வைத்துக் கவனித்தனர். வேலை கொடுக்கும் நிலை, தாக்கிக்கொண்டால் கவனிக்கும் நிலை, தனியே விடும் நிலை, விளையாட விடும் நிலை என மாற்றி மாற்றிப் பார்த்ததில், ஆறு பேருக்கு ஏதேனும் ஒரு குறித்த நிலையிலேயே அச்செயல் மிகுந்து காணப்பட்டது. அந்நிலையும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. 1985இல் எட்வர்ட் காரும் மார்க் டூரண்டும் இன்னும் ஒருபடி மேற்சென்றனர். நான்கு குழந்தைகள்; சிலருக்குப் பாடம் கடினமானால் முரட்டுத்தனம் எழுந்தது, சிலருக்குப் பெரியோர் கவனம் குறைந்தால் எழுந்தது. முன்னவருக்கு “எனக்குப் புரியவில்லை” என்றும், பின்னவருக்கு “நான் நன்றாகச் செய்கிறேனா?” என்றும் கேட்கக் கற்பித்தனர். முரட்டுத்தனம் வெகுவாகக் குறைந்தது. இங்கே ஊன்றி நோக்கவேண்டுவது ஒன்றுண்டு. காரணத்துக்குப் பொருந்தாத வாசகத்தைக் கற்பித்தபோது குறையவில்லை. அதாவது பேசக் கற்பித்தல் மட்டும் போதாது. அக்குழந்தை கேட்க விரும்பியதையே கேட்கக் கற்பிக்கவேண்டும்.

அக்காலத்தில் அந்நாட்டு விடுதிகளில் ஊனமுற்ற குழந்தைகளை அடக்க மின்னதிர்ச்சி முதலிய கொடிய முறைகளும் கையாளப்பட்டு வந்தன. அவற்றை எதிர்த்தெழுந்த கூட்டத்தாரே இந்த ஆக்கவழியை வளர்த்தவர்கள். 1997ஆம் ஆண்டில் அந்நாட்டின் ஊனமுற்றோர் கல்விச் சட்டம் திருத்தப்பட்டபோது, நடத்தையினாற் கல்வி தடைப்படும் குழந்தைக்கு ஆக்கவழித் துணைகளைக் கருதவேண்டும் என்பதும் அதில் இடம்பெற்றது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கடைத்தெருவில் மிட்டாய் கேட்டுப் பேரன் புரளுகிறான். பாட்டி மூன்று முறை மறுத்து, நான்காம் முறை நாலுபேர் பார்க்கிறார்களே என்று வாங்கிக் கொடுத்துவிடுகிறாள். தாம் பெரும்பாலும் மறுத்துவிட்டதாக அவள் எண்ணுகிறாள். பேரன் கற்றதோ, மூன்று முறை தோற்றாலும் நான்காவதில் வெல்லலாம் என்பதே. பி. எஃப். ஸ்கின்னரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் 1957இல் வெளியிட்ட பெருநூல் முழுதும், பலன் எந்தெந்த முறையிற் கிடைத்தால் செயல் எவ்வாறு அமையும் என்பதைப் பற்றியதே. எப்போதாவது கிடைக்கும் பலன், எப்போதும் கிடைக்கும் பலனைவிடச் செயலை நெடுநாள் நிலைக்கச்செய்யும் என்பது அவ்வாராய்ச்சிகளின் தெளிவான முடிபுகளுள் ஒன்று. சூதாட்டக்காரன் எழுந்திராததும் அதனாலேயே. கொடுப்பதென்றால் அழுமுன் கொடுத்துவிடுக. கொடுப்பதில்லையென்றால் அழுதபின்னும் கொடாதிருக்க. மேலும், இதுகாறும் பலன் தந்த அழுகைக்குத் திடீரென்று பலன் நின்றால், அழுகை முதலிற் குறையாது. சில நாள் முன்னிலும் மிகலாம். இதை முன்கூட்டியே வீட்டார் அனைவருக்கும் சொல்லிவைக்கவேண்டும். இன்றேல் மிக உரக்க அழுத அந்நாளில் யாரேனும் ஒருவர் மனமிரங்கி, உரத்த அழுகைக்கே பரிசளித்துவிடுவர்.

“இது செல்லமன்றோ? லஞ்சமன்றோ?” என்று நம் கூட்டங்களிற் கேட்பவர் உண்டு. புரளும்போது வாயை அடைக்கத் தரும் மிட்டாயே லஞ்சம். புரளாமற் கேட்டதற்குத் தரும் ஒரு நல்ல சொல் அதற்கு நேர்மாறானது. “அடியாத மாடு படியாது” என்னும் பழமொழியையும் எடுத்து வீசுவர். அடித்தால் அக்கணம் அடங்குகிறது, உண்மையே. அங்கேயே ஆபத்தும் உள்ளது. அடித்தவுடன் அமைதி கிடைப்பதால், அடித்தவருக்கும் அதே விதிப்படி ஒரு பலன் கிடைத்துவிடுகிறது. அடுத்தமுறை கை முன்னிலும் விரைவாக எழுகிறது. குழந்தை எதையும் கற்கவில்லை. தந்தை அடிக்கக் கற்றுக்கொண்டார். அன்றியும் தந்தையின் முகத்தையே வேண்டிய குழந்தைக்கு அடியும் ஒரு முகமே. நாளெல்லாம் பேசாத தந்தை, தட்டு உடைந்தபோது மட்டும் திரும்பிப் பார்ப்பாராயின், தட்டுகள் உடையத்தான் செய்யும்.

சட்டமும் இதிற் பேசியிருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பள்ளியில் உடல்தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் விலக்குகிறது. ஆனால் அச்சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுக் குழந்தைகளுக்காக இயற்றப்பட்டது. அங்கன்வாடிப் பருவமே அடத்தின் பருவம். அங்கே பெரியோரின் அறிவே காவல்.

சில அறிகுறிகளுக்கு ஏடு மட்டும் போதாது. இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாமை, பேசிய சொற்களை இழத்தல், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, தலையைக் காயம்படும்வரை மோதுதல் இவை காணப்படின், மருத்துவரிடம் காட்டுவதில் ஒருநாளும் தாமதித்தல் ஆகாது. காது கேளாத குழந்தையைச் சொற்பேச்சுக் கேளாதவன் என்று அடிப்பதைவிடக் கொடுமை வேறில்லை. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் உடல்நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிகளிலேயே பரிசோதனை உண்டு. மேற்சிகிச்சைக்கென மாவட்ட அளவில் தொடக்கநிலைச் சிகிச்சை மையங்களும் ஏற்படுத்தப்பட்டுள்ளன. அங்கன்வாடி டீச்சரிடமே வழிகேட்கலாம்.

எழுத நேரமில்லை என்பது அடுத்த தடை. இருபது பிள்ளைகளையும் அடுப்பையும் பார்க்கும் டீச்சருக்கும், எட்டு மணிநேரம் நின்று தைத்து வரும் தாய்க்கும் அது பொய்ச்சாக்கன்று. ஆகையால் எல்லாவற்றையும் எழுதவேண்டா. மிகத் துன்பம் தரும் ஒரே செயலை மட்டும் எடுத்துக்கொண்டு, அது நிகழும்போது ஒரு வரி எழுதினால் போதும். எழுத்தறியாத பாட்டிமார் கதவின் பின்புறத்தில் சுண்ணாம்புக்கட்டியால் மூன்று கட்டங்கள் வரைந்துகொள்ளலாம்: சாப்பாட்டுக்கு முன், தாய் வீடு திரும்பியபின், தூங்கப் போகும்போது. நிகழ்ந்த வேளைக்குரிய கட்டத்தில் ஒரு கோடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தக் கட்டத்தில் கோடுகள் மிகுந்துள்ளன என்று மகளும் பாட்டியும் சேர்ந்து பார்த்துவிட்டு, அந்த வேளையில் மட்டும் மறுவாரம் ஒரு மாறுதலைச் செய்து பார்க்கலாம்.