பழைய மோட்டார் வண்டியின் வலிக்குறைவு

பழைய மோட்டார் வண்டியை விலைக்கு வாங்கியவர் சில திங்களுக்குள் கூறும் குறை ஒன்றுண்டு. "வண்டி இழுக்கவில்லை" என்பதே அது. நம் மாணாக்கருட் பலர் வேலையில் அமர்ந்ததும் முதற்கண் வாங்குவது இத்தகைய வண்டியே யாதலின், அக்குறையின் காரணத்தை ஆராயும் முறையை ஈண்டு எழுதத் துணிந்தேன். யான் யந்திரத் தொழில் பயின்றவனல்லேன், பௌதிகம் கற்பிப்பவன். கைப்பொருள் இழக்க நேர்ந்தபோது கற்றுக்கொண்டதே இஃது.

2009ஆம் ஆண்டில், சென்னையில் 1998இல் பதிவு செய்யப்பெற்ற மாருதி 800 வண்டியொன்றை வாங்கினேன். அது மூன்று சிலிண்டர்களும், 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும், கார்புரேட்டரும் உடையது. நின்ற நிலையில் எஞ்சின் அமைதியாகவே ஓடும். ஆனால் ரயில்வே மேம்பாலம் ஏறுங்கால் இரண்டாம் கியருக்கு இறங்கவேண்டும். சமதரையிலும் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் வேகம் எழாது. பட்டறைக்காரர் ஒருவர் சற்றே ஓட்டிப் பார்த்து, "எஞ்சின் தேய்ந்துவிட்டது ஐயா, பிரித்து போர் செய்யவேண்டும்" என்றார். அவர் கேட்ட தொகை 18,000 ரூபாய். என் மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென ஒதுக்கியிருந்ததும் ஏறக்குறைய அத்தொகையே. ஒரு வாரம் தவணை கேட்டு வண்டியை வீட்டிற்குக் கொணர்ந்தேன்.

முதலில் வினவவேண்டியது ஒன்று. எஞ்சினில் சக்தி பிறக்கவில்லையா, அன்றிப் பிறந்த சக்தி சக்கரத்தை எய்துமுன் அழிகின்றதா? மேட்டில் உயர்ந்த கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கால் எஞ்சினின் ஒலி மட்டும் உயர்ந்து வேகம் உயராதாயின் கிளட்ச் வழுக்குகின்றதென்க. பிரேக்கை அதிகம் தொடாது சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியபின் ஒரு சக்கரத்தின் நடுப்பகுதி மட்டும் அனல் வீசுமாயின், அங்கே பிரேக் விடாமற் பற்றிக்கொண்டிருக்கின்றது. மலைமேல் ஓட்டிப் பார்த்து வண்டியைப் பழிப்பதும் நீதியன்று. ஆயிரம் அடி ஏறுந்தோறும் காற்றின் செறிவு குறைதலால், கார்புரேட்டர் வண்டியின் வலி நூற்றுக்கு மூன்று பங்களவு குறையும். உதகமண்டலத்தில் நல்ல வண்டியும் ஐந்தில் ஒரு பங்கை இழந்தே நிற்கும்.

இனி, நகைப்பிற்கிடமான ஒரு சோதனை. ஒருவரை உள்ளே அமர்த்தி ஆக்ஸிலரேட்டரை முற்றும் அழுத்தச் செய்து, கார்புரேட்டரின் வாயில் முழுதும் திறக்கின்றதா என நோக்குக. கம்பி தளர்ந்தோ, காலடி விரிப்பு தடுத்தோ, பாதியே திறக்கும் வண்டிகள் உண்டு. பெட்ரோல் தொட்டி மூடியின் காற்றுத்துளை அடைபட்டாலும் சில மைல்கள் ஓடியபின் வலி குன்றும். மூடியைத் திறந்தவுடன் உஸ்ஸென்று காற்று உட்புகுவதே அதற்கு அடையாளம். காற்று வடிகட்டியையும் பெட்ரோல் வடிகட்டியையும் நோக்குதல் யாவரும் அறிந்ததே.

இவையெல்லாம் என் வண்டியிற் செவ்வையாகவே யிருந்தன. பின்னர்ப் பிளக்குகளைக் கழற்றினேன். இரண்டு இளம்பழுப்பாயிருந்தன; அது நலக்குறி. மூன்றாவது கரி படிந்து கறுத்திருந்தது. அவ்விடத்து எரிதல் குறைவென்பது தெளிவு. ஆயினும் காரணம் தேய்வா, தீப்பொறியா? அழுத்தமானியை ஒவ்வொரு சிலிண்டரிலும் பொருத்தி எஞ்சினைச் சுழற்றினால் இது விளங்கும். ஒன்றில் அழுத்தம் மிகக் குறைந்திருப்பின், அதனுள் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் அளத்தல் வேண்டும். அழுத்தம் உயருமாயின் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தன. உயராதாயின் வால்வுகளை ஐயுறலாம். என் வண்டியில் மூன்றும் பெரும்பாலும் ஒத்தே யிருந்தன. பட்டறைக்காரர் தீர்ப்பு இங்கே வீழ்ந்தது.

எஞ்சியது தீப்பொறி. இரவில் விளக்கை அணைத்து, எஞ்சினை ஓடவிட்டு, பிளக்குகளுக்குச் செல்லும் கம்பிகளின்மேல் நீரைத் துளித்துளியாகத் தெளித்தேன். மூன்றாம் கம்பியின் உறையிலிருந்து நீலப்பொறி பக்கத்து இரும்பிற்குத் தாவிற்று. (அக்கம்பிகளில் பல்லாயிரம் வோல்ட்டு ஓடுமாதலின் கை படலாகாது.) சுமையின்போது சிலிண்டரில் அழுத்தம் மிகும், அப்போது பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதற்கு அதிக வோல்ட்டு வேண்டும், மின்சாரமோ எளிய வழியாகிய உறையின் வெடிப்பையே நாடும். நின்றபோது ஒழுங்காயும் ஏறும்போது தவறியும் ஓடியதன் மர்மம் இதுவே.

கம்பியை மாற்றினேன், குலுக்கல் நின்றது. ஆனால் வலி பாதியே மீண்டது! மகிழ்ந்து அமர்ந்திருந்தேனாயின் பிழைபட்டிருப்பேன். உட்செல்வதை நாடிய யான் வெளிச்செல்வதை நாடவில்லை. 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களிற் புதிய பெட்ரோல் வண்டிகளின் புகைக்குழாயில் காடலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. அது தேன்கூடு போன்ற நுண்துளைகளையுடையது. வெற்றிடமானியை எஞ்சினின் காற்றுக்குழாயிற் பொருத்தினேன். நின்ற ஓட்டத்தில் 18 அங்குலம் காட்டிற்று. சுழற்சியை உயர்த்தி நிலையாக நிறுத்தியபோதோ, முள் சிறிது சிறிதாகத் தாழ்ந்துகொண்டே போயிற்று. புகை வெளியேற வழியின்றித் தேங்குவதன் குறி அஃது. குழாயைக் கழற்றி நோக்க, தேன்கூடு உருகி அடைத்திருந்தது. தவறிய சிலிண்டரின் எரியாத பெட்ரோல் அங்கே சென்று எரிந்ததன் விளைவே அது. கம்பியை மாற்றாது கன்வெர்ட்டரை மட்டும் மாற்றியவர் இரண்டாவதையும் இழப்பார்.

பிற்காலத்து வண்டிகளிற் கணினி குறை எண்ணைக் காட்டும். அவ்வெண் சாட்சியேயன்றித் தீர்ப்பன்று. ஆக்ஸிஜன் உணரியைக் குறைகூறும் எண்ணிற்குக் குழாயில் காற்றுக் கசிதலும் காரணமாதல் கூடும்.

இரண்டிற்கும் சேர்ந்து 7,000 ரூபாய்க்குட்பட்டே செலவாயிற்று. அவ்வாரக் கடைசியில் வண்டி மேம்பாலத்தை மூன்றாம் கியரிலேயே ஏறிற்று; கட்டணத்தில் எடுத்த குறையை அடுத்த மாதச் சம்பளத்தில் நிரப்பினேன்.