வாயில்லாப் பிராணியின் வலியும் ஊசி மருந்தும்

மதீனாவில் அன்சாரி ஒருவரின் தோட்டத்திற்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நுழைந்தபோது, அங்கிருந்த ஓர் ஒட்டகம் அவர்களைக் கண்டு கண்ணீர் வடித்த நிகழ்ச்சி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. நபியவர்கள் அதைத் தடவிக் கொடுத்து அமைதிப்படுத்தினார்கள். பிறகு அதன் உரிமையாளரை அழைத்து, பட்டினி போட்டுக் கடுமையாக வேலை வாங்குவதாக அது முறையிடுகிறது என்று கண்டித்தார்கள். பிராணியின் வேதனைக்கு அதன் எஜமானன் பதில் சொல்ல வேண்டும் என்பதற்கு இந்த ஹதீஸே நமக்குப் போதுமான ஆதாரமாகும்.

அவ்வேதனையைத் தணிக்க இக்காலத்தில் மருந்துகள் வந்துவிட்டன. "மயக்க மருந்து போதைதானே, அதை ஆட்டுக்குப் போடுவது ஆகுமா?" என்று சிலர் ஐயுறுகின்றனர். அழுகிய கையைத் துண்டிக்க நேரும்போது மனிதனுக்கே புத்தியை மறைக்கும் மருந்து கொடுக்கலாம் என்பதை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் சரியான சொல்லாகக் கொண்டுள்ளார்கள். அவர்கள் ஹிஜ்ரி 676-ல் வஃபாத்தானவர்கள். குளோரோஃபாரத்தின் பெயரையே உலகம் அறியாத காலம் அது! தேவைக்காக மனிதனுக்கு ஆகுமானது ஆட்டுக்கு மட்டும் எப்படி ஆகாமற் போகும்?

வலியை ஆடு சொல்லாது; மறைக்கும். கூட்டத்தை விட்டு ஒதுங்கி நிற்றல், அசை போடாமை, பல்லை நறநறவெனக் கடித்தல், முதுகைக் கூனிக் கொள்ளுதல் ஆகியவைதாம் அதன் முறையீடு. இவற்றைக் கண்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

மயக்கம் வேறு, வலி நீக்கம் வேறு என்பதைப் பலர் அறிவதில்லை. அஸிப்ரோமஸின் என்னும் மருந்து பிராணியைச் சாந்தமாக வைக்கும், வலியைத் தணிக்காது. அசையாமல் கிடக்கிறதே என்று கத்தி வைத்தால் அது முழு வேதனையையும் அனுபவிக்கும். ஸைலஸின் உறக்கத்துடன் ஓரளவு வலியையும் குறைக்கும். ஆனால் குதிரைக்குப் போடும் அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். ஆடும் அதனால் எளிதில் ஆபத்துக்குள்ளாகும். கைவைத்தியமாகப் போடக் கூடிய மருந்தன்று அது. விதையடிக்கும்போது லிக்னோகைன் ஊசியால் அவ்விடத்தை மரக்கச் செய்யலாம். உண்ணப்படும் பிராணியைச் சிறு வயதில் விதையடிப்பதை ஷாபிஈ மத்ஹப் அனுமதிக்கிறது. வலியோடுதான் செய்ய வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை.

இனி, நம்மை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருவோம். நொண்டும் கிடாய்க்கு வலி நீக்கும் ஊசியைப் போட்டுச் சந்தைக்கு ஓட்டி வந்தால், அன்று அது நேராக நடக்கும். வாங்கியவர் வீட்டில் மறுநாளோ அதற்கடுத்த நாளோ காலைத் தூக்கிக் கொண்டு நிற்கும். வெளிப்படையாக நொண்டும் பிராணி குர்பானிக்குத் தகாது என்பது பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ். மருந்து வலியை மறைத்ததே தவிர ஊனத்தைப் போக்கவில்லை. நனைந்த தானியத்தைக் குவியலுக்கு அடியில் மறைத்தவரை நபி (ஸல்) அவர்கள் எப்படிக் கண்டித்தார்கள் என்பதை வியாபாரிகள் அறியாதவர்களல்லர். மறைக்கப்பட்ட குறை வெளிப்பட்டால் பிராணியைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. வெட்கப்பட்டு விட்டுவிட வேண்டியதில்லை. ஆகவே பெருநாளுக்குச் சில நாட்கள் முன்பே வாங்கி, நடக்க விட்டுப் பாருங்கள். என்ன ஊசி, என்று போடப்பட்டது என்றும் கேளுங்கள். மருந்து உடலை விட்டு நீங்க மருத்துவர் சொல்லும் நாட்கள் கழியும் வரை அதன் பாலையும் இறைச்சியையும் தவிர்க்க வேண்டும்.

நோயுற்று மாண்ட மாட்டை வெட்டவெளியில் எறிவோருக்கும் ஒரு வார்த்தை. டைக்குளோஃபினாக் ஊசி போடப்பட்ட மாட்டின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன என்பதைப் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004-ல் வெளிப்படுத்தியது. நம் நாட்டில் வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்து போயின. 2006-ல் கால்நடைகளுக்கான டைக்குளோஃபினாக்கையும், 2023-ல் கீட்டோபுரோஃபென், அஸிகுளோஃபினாக் மருந்துகளையும் அரசு தடை செய்தது. கழுகுக்குத் தீங்கு செய்யாத மெலாக்ஸிகாம் கடைகளில் கிடைக்கிறது; மருத்துவரிடம் அதையே கேட்டு வாங்குங்கள். மனிதருக்கான டைக்குளோஃபினாக்கை மருந்துக் கடையில் வாங்கி மாட்டுக்குப் போடுவது இன்னமும் சிலரிடம் உள்ள வழக்கம். அவ்வாறு போட்ட மாடு இறந்தால் ஆழக் குழி தோண்டிப் புதைத்து விடுங்கள்.