வலியைச் சொல்வது குறையன்று
(புற்றுநோயால் வருந்தும் நம் தோட்டப்புறப் பெரியவர்களை முன்வைத்து ஒரு சிந்தனை)



திருவதிகை வீரட்டானத்தைப் பற்றி அறியாத சைவ அன்பர் இருக்க முடியாது. மருள்நீக்கியார் என்னும் இயற்பெயர் கொண்ட திருநாவுக்கரசர் பெருமான், சமண சமயத்தில் தருமசேனராக விளங்கிய காலத்தில் கொடிய சூலை நோய்க்கு ஆளானார். வயிற்றைக் குடைந்த வலியைத் தாங்க மாட்டாத நிலையில் அவர் தம் தமக்கையார் திலகவதியாருக்கு ஆள் அனுப்பித் தம் துன்பத்தைத் தெரிவித்தார். பின்னர் இரவோடு இரவாகத் தாமே தமக்கையாரிடம் வந்து சேர்ந்தார். அம்மையார், "நீ செய்த வினை, நீயே அனுபவி" என்று கதவை அடைக்கவில்லை. திருநீறு அளித்து, திருக்கோயிலுக்கு உடன் அழைத்துச் சென்றார்.

இவ்வரலாற்றைப் பலமுறை கேட்ட நாம், அதிலுள்ள ஓர் எளிய பாடத்தைக் கவனியாமல் விட்டுவிடுகிறோம். வலியை வாய்விட்டுச் சொல்வதில் இழிவில்லை. அதைக் காது கொடுத்துக் கேட்க ஒருவர் அருகில் இருக்க வேண்டும். இந்தப் பாடத்தைத் துணையாகக் கொண்டு, கோல சிலாங்கூர், வட சிலாங்கூர் வட்டாரத்து முதியோரில் புற்றுநோயால் வருந்துவோரின் அன்றாட வாழ்க்கையைச் சற்றே சிந்திப்போம்.

உழைத்து ஓய்ந்த உடம்பு

நம் வட்டாரம் உழைப்பாளிகளின் வட்டாரம். மலேசியாவின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் உருவானது இங்குதான். பெஸ்தாரி ஜெயாவை அடுத்த அந்தத் தோட்டத்தின் பெயரே 'தென்னமரம்' என்ற நம் தமிழ்ச் சொல். ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் தொடங்கி வடக்கே சபாக் பெர்ணம் வரையில் ரப்பரையும் செம்பனையையும் வளர்த்த கைகள் நம் பெற்றோர், பாட்டன் பாட்டியரின் கைகள்.

விடியுமுன் பெரட்டுக்குப் போனவர்கள் அவர்கள். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. ஆகவே காய்ச்சலோ, கால் வீக்கமோ, இடுப்பு வலியோ, கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு காண்டா வாளியைத் தூக்கினார்கள். வலியை மறைப்பதையே அவர்கள் ஒரு வாழ்க்கை முறையாகக் கற்றார்கள். குடும்பத்தைக் காப்பாற்றிய அந்தப் பழக்கம், புற்றுநோய் வந்த முதுமையில் அவர்களுக்கே பகையாகி விடுகிறது.

வலி பறித்துக்கொள்ளும் சிறு சிறு காரியங்கள்

2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வுத் தொகுப்பு, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரில் 100க்கு 55 பேரும், நோய் முற்றியோரில் 100க்கு 66 பேரும் வலியால் வருந்துவதாகக் கணக்கிட்டது. ஆனால் ஒரு மூதாட்டியின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதை அந்த எண்கள் நமக்குச் சொல்லமாட்டா.

எலும்பில் நோய் பரவியிருந்தால் படுக்கையில் புரண்டு படுப்பதே பெரும் பாடு. இரவெல்லாம் உறக்கமில்லை, பகலெல்லாம் சோர்வு. குனிந்து கோலம் போட முடிவதில்லை. சேலை கட்டக் கையைத் தூக்க முடிவதில்லை. குளியலறைக்குப் போகும் ஈரத்தரையை எண்ணிப் பயந்து, குளிப்பதையும் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்கிறார். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல். அதனால் மேலும் வலி. வாயில் நோய் வந்தவருக்குச் சோறே எதிரி. கஞ்சியும் காரமாகத் தெரிகிறது.

நடமாட்டம் குறையக் குறையத் தசை மெலிகிறது. மெலிந்தவர் எளிதில் விழுகிறார். கோயில் திருவிழாவில் சம்மணமிட்டு உட்கார முடியாது என்று வீட்டிலேயே தங்கிவிடுகிறார். பேரப் பிள்ளை மடியில் ஏற வந்தால் தள்ளிவிடுகிறார். பிறகு அதற்காக அழுகிறார். இப்படியாக உடம்பின் வலி மனத்தின் வலியாகவும், குடும்பத்தின் வலியாகவும் விரிகிறது. இலண்டனில் 1967ஆம் ஆண்டு புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் தோற்றுவித்த மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், உடல், மனம், உறவு, ஆன்மா ஆகிய நான்கையும் சேர்த்து 'முழு வலி' என்று கூறியதன் பொருள் இதுவே.

ஏன் சொல்வதில்லை?

முதியோர் வலியை மறைப்பதற்குக் காரணங்கள் பல. "வயசானால் வலிக்கத்தானே செய்யும்" என்று எண்ணுகிறார்கள். பிள்ளைகள் வேலையை விட்டு வண்டி பிடித்துத் தஞ்சோங் காராங்கிற்கோ, கிள்ளானுக்கோ, செலாயாங்கிற்கோ அழைத்துப் போக வேண்டுமே என்று தயங்குகிறார்கள். வலி கூடினால் நோய் முற்றிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிடுவாரோ என்று அஞ்சுகிறார்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்கப்படும் கேள்விக்கு, 'குத்துது', 'எரியுது', 'குடையுது', 'விண் விண்ணென்று தெறிக்குது' என்பதையெல்லாம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தலையை மட்டும் ஆட்டுகிறார்கள். இந்தச் சொற்கள் டாக்டருக்கு மிகவும் தேவையானவை. எரிச்சலாகவும் மின்னல் போலவும் வரும் நரம்பு வலிக்கு ஒரு மருந்து, எலும்பு வலிக்கு வேறொரு சிகிச்சை. எலும்பு வலிக்குக் கதிரியக்கச் சிகிச்சை நல்ல பலன் தருவதுண்டு.

2008ஆம் ஆண்டில் நம் சுகாதார அமைச்சு, வலியை 'ஐந்தாவது உயிர்க்குறி'யாக ஏற்றது. நாடி, மூச்சு, உடல் வெப்பம், இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு வலியையும் கேட்டுக் குறிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. ஆகவே தாதி, "சுழியத்திலிருந்து பத்து வரையில் உங்கள் வலி எவ்வளவு?" என்று கேட்கும்போது பெரியவர்கள் கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

மருந்தைப் பற்றிய அச்சம்

'மோர்பின்' என்ற பெயரைக் கேட்டதும் பல குடும்பங்கள் நடுங்குகின்றன. "அதைக் கொடுத்தால் கதை முடிந்தது" என்று சிலர். "போதைக்கு அடிமையாகி விடுவார்" என்று வேறு சிலர். இவ்விரண்டும் தவறான எண்ணங்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி, வலியின் அளவுக்கேற்ப மருந்தைப் படிப்படியாக உயர்த்தவும், வலி வந்த பின் ஓடித் தேடாமல் நேரம் தவறாமல் கொடுக்கவும் கற்பித்தது. இலேசான வலிக்குப் பனடோல் போன்ற மாத்திரை. கடும் வலிக்கு மோர்பின். டாக்டரின் மேற்பார்வையில் வலிக்காக உட்கொள்பவர் அடிமையாவது அரிது. வலி அடங்கிய பலர் எழுந்து உட்காரவும், உண்ணவும், உறவினரோடு பேசவும் செய்கிறார்கள்.

ஆயினும் முதியோருக்குச் சில எச்சரிக்கைகள் உண்டு. சிறுநீரகம் தளர்ந்திருக்கும் என்பதால் டாக்டர் சிறிய அளவில் தொடங்குவார். முதல் சில நாள் தூக்கக் கலக்கம் வரலாம். அப்போது விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மலச்சிக்கல் நிச்சயம் வரும் என்று எண்ணி, அதற்கான மருந்தையும் கேட்டு வாங்க வேண்டும். தாமாகவே அளவைக் கூட்டவோ, திடீரென நிறுத்தவோ கூடாது. கடையில் வாங்கும் மூட்டுவலி மாத்திரைகள் வயிற்றில் இரத்தக் கசிவையும் சிறுநீரகக் கேட்டையும் உண்டாக்கக் கூடும். நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் மறைக்கலாகாது.

"மகான்கள் பொறுத்தார்களே!"

பகவான் இராமகிருஷ்ணர் தொண்டைப் புற்றுநோயால் 1886ஆம் ஆண்டிலும், இரமண மகரிஷி கையில் எழுந்த புற்றுக்கட்டியால் 1950ஆம் ஆண்டிலும் மகாசமாதி எய்தினர். அவர்கள் பொறுத்தார்களே, நாம் பொறுக்கக் கூடாதா என்று கேட்போர் உண்டு. அவர்களது வரலாற்றை முழுமையாகப் பார்க்க வேண்டும். இராமகிருஷ்ணருக்கு மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் சிகிச்சை அளித்தார்; சீடர்கள் முறை வைத்து இரவு பகலாகப் பணிவிடை செய்தனர். இரமணர் அறுவைச் சிகிச்சைகளுக்கு உடன்பட்டார். ஞானியரின் பொறுமை நாம் வணங்குவதற்குரியது. அதைக் காட்டி ஒரு பாட்டியின் மருந்தை நிறுத்துவது தருமமாகாது. வினைப்பயன் என்பதை நம்புகிறவர்களுக்கும், அடுத்தவர் துன்பத்தைத் துடைப்பது ஒரு நல்வினைதானே!

நாம் செய்யக்கூடியவை

1. தினமும் ஒருமுறை, "இன்று எங்கே வலிக்கிறது? எதைச் செய்ய முடியவில்லை?" என்று கேளுங்கள். "வலி இருக்கா?" என்றால் "இல்லை" என்றே பதில் வரும். பேச இயலாதவர்களிடம் முகச் சுளிப்பு, முனகல், தொட்டால் விலகுதல், உணவு மறுத்தல் ஆகியவற்றைக் கவனியுங்கள்.

2. ஒரு பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் வலி வந்த நேரம், அளவு, கொடுத்த மருந்து ஆகியவற்றைக் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். தமிழில் பெரியவர் சொல்வதை மொழிபெயர்க்க ஒருவர் உடன் செல்லுங்கள்.

3. குளியலறையில் கைப்பிடியும் வழுக்காத விரிப்பும் வையுங்கள். உயரமான நாற்காலி கொடுங்கள். வலி மருந்து வேலை செய்யும் நேரத்தில் குளிப்பாட்டுங்கள்.

4. வீட்டுக்கே வந்து உதவும் சேவைகளை விசாரியுங்கள். 1991ஆம் ஆண்டில் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்பணியைச் செய்து வருகிறது. உங்கள் வீடு அதன் எல்லைக்குள் வருமா என்று கேட்கலாம். செலாயாங் மருத்துவமனையில் வலிதணிப்புப் பராமரிப்புப் பிரிவு உண்டு. படுக்கையிலுள்ள நோயாளியைப் பராமரிப்போருக்கான உதவித்தொகை பற்றிச் சமூக நல இலாகாவிடம் கேளுங்கள்.

5. வெற்றிலை பாக்கோடு புகையிலை சேர்த்து மெல்லும் பழக்கத்தை இளையோர் விட வேண்டும். இந்நாட்டில் வாய்ப் புற்றுநோய் நம் இனத்துப் பெண்களிடையே மிகுதி. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டில் அறிவித்தது. வாயில் மூன்று வாரத்திற்கு மேல் ஆறாத புண் இருந்தால் உடனே காட்டுங்கள்.

6. அறப்பணிக்கு வாரி வழங்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். மருத்துவமனைக்குப் போய்வர ஒரு வண்டிச் செலவு, ஒரு சக்கர நாற்காலி, புண் வராமல் காக்கும் ஒரு காற்று மெத்தை, திருவிழா நாளில் மண்டபத்தில் முதியோருக்கெனப் போடப்படும் முதுகு சாயும் நாற்காலிகள் பத்து, இவையும் திருப்பணியே.

திலகவதியார் தம் தம்பியின் நோயை அறிந்ததும் தம்மால் இயன்றதைச் செய்தார். மற்றதை வீரட்டானேசுவரர் பார்த்துக்கொண்டார். நம் லயன் வீடுகளிலும், தாமான் வீடுகளிலும் மூலையில் சுருண்டு படுத்திருக்கும் பெரியவர் ஒருவர், யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கலாம். இம்மலரை மூடி வைத்ததும், அவரருகில் சென்று சற்று உட்காருங்கள். "எங்கே வலிக்குது பாட்டி?" என்று கேளுங்கள்.

எல்லாம் வல்ல இறைவன் துணை நிற்பானாக.

திருச்சிற்றம்பலம்.