பட்டாளத்தாரும் நவம்பர் மாதப் பூசையும்



நவம்பர் 2-ந் தேதி, மரித்த விசுவாசிகளின் நினைவு நாளில், குருவானவர் மூன்று பூசை செய்யலாம் என்ற உத்தரவு எப்படி வந்தது தெரியுமா? 1914-ல் மூண்ட உலக யுத்தத்தில் வாலிபர்கள் இலட்சக்கணக்கில் மடிந்தார்கள். இந்தியச் சிப்பாய்கள் மாத்திரம் 74,000 பேர். அநேகருக்குக் கல்லறையுமில்லை. மனம் நொந்த பாப்பரசர் 15-ம் ஆசீர்வாதப்பர் 1915 ஆகஸ்டு 10-ல் இந்தச் சலுகையை அளித்தார். மூன்றில் ஒரு பூசை மரித்த விசுவாசிகள் அனைவருக்காகவும் ஒப்புக்கொடுக்கப்படுகிறது. நம்மவன், எதிரி என்ற பேதம் அதில் கிடையாது.

யுத்தம் ஓயவில்லை. 1917 மே 5-ல் அதே பாப்பரசர், தேவமாதா பிரார்த்தனையில் ‘சமாதானத்தின் இராக்கினி’ என்ற பட்டத்தைச் சேர்க்கும்படி எழுதினார். (எட்டு நாளைக்குப்பின் பாத்திமாவில் மாதா காட்சி தந்தார்கள்.) ஜெபமாலை முடிவில் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் ஓட்டமாய்ச் சொல்லும் வார்த்தை அது!

சமாதானத்துக்கு மன்றாடுகிறவன் சிப்பாயை மதிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கப்பர்நகூம் நூற்றுவர் தலைவனின் விசுவாசத்தை ஆண்டவரே புகழ்ந்தார். தன் கடமையை நேர்மையாய்ச் செய்யும் படைவீரன் சமாதானத்துக்கே உதவுகிறான் என்று 1965-ல் வத்திக்கான் சங்கமும் போதித்தது. யுத்தத்தைப் புகழ்வது வேறு, அதைச் சுமந்தவனை மதிப்பது வேறு.

சங்கரன்கோவில் சுற்றுக் கிராமங்களிலும் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவர்கள் உண்டு. சண்டைக் கதை கேட்க அவர்களைச் சூழ்ந்துகொள்ளும் பிள்ளைகளே, கூடப் போய்த் திரும்பாத தோழனின் பெயரையும் கேளுங்கள். அவன் எந்த மதத்தானாயினும் சரி, அந்தப் பெயரை நவம்பர் மாத மன்றாட்டுக்கு எழுதிக் கொடுங்கள்.