ரோஸ் பெட்டிக்குள்ள என்ன இருக்கு?

உங்க கல்லூரியிலேயே படிச்சுட்டுப் போன ஒரு அப்பா எழுதுறேன்.

மகளுக்கு ஆறாவது பிறந்தநாள். கடையில போய், "கட்டி விளையாடுற பொம்மை வேணும்"னு கேட்டேன். "பொண்ணா, பையனா?" என்றார் கடைக்காரர். பொண்ணு என்றதும் ரோஸ் கலர் அடுக்கைக் காட்டினார். கிரேனும் பாலமும் பல்சக்கரமும் எதிர்ப்பக்கம் இருந்தன. நானும் பேசாம ஒரு ரோஸ் வீடு வாங்கிட்டு வந்தேன். சுவரெல்லாம் முழுசாவே வார்த்து வந்திருந்தது. பத்து நிமிஷத்துல மாட்டி முடிச்சா. அப்புறம் அதைப் பிரிக்கவே இல்லை.

நிறம்தான் தப்பா?

இல்லை. 2012-ல் ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் படிச்ச டெபி ஸ்டெர்லிங், பெண் குழந்தைகளுக்காக 'கோல்டிபிளாக்ஸ்' தொடங்கினார். முதல் பொம்மையில் ஒரு கதைப் புத்தகமும், ரிப்பன் சுத்தி இயங்குற பெல்ட் டிரைவும் இருந்தது. ரிப்பன் ரோஸ்தான், ஆனா உள்ளே இருந்தது நாம படிக்கிற மெக்கானிக்ஸ். அதே ஆண்டு 'லெகோ ஃபிரெண்ட்ஸ்' வந்தது. பெண்களுக்குன்னு தனி உலகம் எதுக்குன்னு பெற்றோர் பலர் எதிர்த்தாங்க. ஆனாலும் நல்லா வித்தது. 2021-ல் லெகோவே, தன் பொம்மைகளில் பாலினப் பாகுபாட்டைக் களையப் போறதா அறிவிச்சது.

அப்போ எதைப் பார்த்து வாங்கணும்?

ஈர்க்குச்சிப் பாடம்

தென்னை ஈர்க்குச்சி நாலு, களிமண் உருண்டை நாலு எடுங்க. சதுரம் செய்து பக்கவாட்டில் லேசா தள்ளுங்க: சாயும். மூணு குச்சியில் முக்கோணம் செய்து தள்ளுங்க: நிற்கும். காரணம் உங்களுக்குத் தெரியும். தளச் சட்டகத்தில் இணைப்புகள் j என்றால், குறைந்தது 2j − 3 உறுப்புகள் வேணும். முக்கோணத்துக்கு 3 வேணும், 3 இருக்கு. சதுரத்துக்கு 5 வேணும், 4 தான் இருக்கு. மூலைக்கு மூலை ஒரு குச்சி வெச்சா சரியாகிடும்.

என் மகளுக்கு இந்தச் சூத்திரம் தெரியாது. சதுரம் மூணு தடவை சாய்ஞ்சது. நான் வாயைத் திறக்கலை. நாலாவது தடவை அவளே குறுக்கே ஒரு குச்சியைச் சொருகி, "அப்பா, இப்போ தள்ளுங்க" என்றாள்.

எங்க வீடு பத்மநாபபுரத்தில். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரா இருந்த ஊர். மறுநாள் அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போனேன். அந்த மரக்கூரையின் முகப்பைப் பார்த்ததும், "நம்ம முக்கோணம்!" என்று கத்தினாள். ரோஸ் வீடு அவளுக்குக் கொடுக்காதது இதுதான்: விழுந்து, யோசிச்சு, தானே நிமிர்த்தி, பிறகு அதை வெளியுலகத்தில் அடையாளம் காண்பது.

வாங்கும் முன் மூணு கேள்வி

1. இதே துண்டுகளை வெச்சு இன்னொன்னு கட்ட முடியுமா?
2. தப்பா கட்டினா, தப்புன்னு அந்தப் பொம்மையே காட்டுமா?
3. குழந்தை அதை அசைக்கவோ தாங்க வைக்கவோ வேண்டியிருக்கா, இல்லை அலங்கரிச்சா போதுமா?

மூணுக்கும் நல்ல பதில் கிடைச்சா, பெட்டி எந்த நிறமா இருந்தாலும் வாங்குங்க.

அப்பாக்களுக்கும் வேலை உண்டு

1940-களில் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படிச்ச அ. லலிதா, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். பதினெட்டு வயசிலேயே கணவரை இழந்தவர், கையில் குழந்தை. அதே கல்லூரியில் பேராசிரியரா இருந்த அவங்க அப்பா சுப்பா ராவ்தான் மகளைச் சேர்க்க அனுமதி கேட்டார். கடையில பேசாம நின்ன எனக்கு அவர் ஞாபகம் வந்தது.

இன்னொரு கடைசிக் கேள்வி உங்களுக்கு. உங்க லேப் பேட்ச்சில் ஸ்பேனர் யார் கையில், ரெக்கார்டு நோட்டு யார் கையில்? அந்தக் கடையின் ரெண்டு அடுக்கும் அங்கேயும் இருந்தா, அடுத்த வாரம் கை மாத்திப் பாருங்க.